ஓரத்து ஆட்கள்

செவக்காட்டூரில் பதினஞ்சு வருஷமாக நடந்த அத்தனை கல்யாணத்திலும் காதுகுத்திலும் சடங்கிலும் பால்காய்ச்சிலும் ஓரமாக நின்றுவிட்டுப் போன ஆட்கள் எல்லாரும், யார் யார் வீட்டுப் போட்டோக்களிலோ வந்து நிற்க ஆரம்பித்தது கனி ஸ்டூடியோவில் புது கேமரா வந்த வாரத்தில்தான். அதனால் ஊர் முதலில் பழியைக் கேமரா மேல் போட்டது, கேமரா பதில் பேசாது என்று தெரிந்ததும் மிச்சப் பழியைத் தூக்கி இசக்கி மேல் போட்டது. இசக்கிக்குப் பதினெட்டு வயசு. பிளஸ் ஒன்னில் பாதியில் எழுந்து வந்தவள். பழி போட இதைவிட வசதியான ஆள் எந்த ஊரில் கிடைக்கும்?

பழைய கேமராவைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. பட்டனை அழுத்தினால் யோசித்துவிட்டுத்தான் எடுக்கும், பின்னாடி இருக்கிற திரையில் பாதி கறுத்துவிட்டது, பேட்டரி மூடி உடைந்துபோய் ரப்பர் பேண்டு போட்டிருந்தது, மண்டபத்துக்குள் வெளிச்சம் கொஞ்சம் குறைந்தால் போதும், கல்யாணப் பெண் முகத்தில் ரவையைக் கொட்டினமாதிரி புள்ளி புள்ளியாக விழும். இசக்கியின் அப்பா ஆவுடையப்பனுக்கு அந்த ரவை தெரியாது, ஏனென்றால் அவர் கண்ணில் புரை விழுந்து மூன்று வருஷமாகிறது. அவர் ஸ்டூடியோவில் உட்கார்ந்து ஆர்டர் பேசுவார், இசக்கி போய் எடுப்பாள். இது ஊருக்கே தெரியும். ஆனாலும் ஆல்பத்தைக் கையில் வாங்கும்போது "ஆவுடையப்பன் கை கைதான்" என்பார்கள். பொம்பளப் பிள்ளை எடுத்தது நன்றாக இருக்கிறது என்று சொன்னால் நாக்கு சுருங்கிவிடும் போல.

"எப்பா, புதுசு வாங்கணும்" என்றாள் இசக்கி.

"வாங்கு. லென்ஸ்ல மட்டும் கை வைக்காத."

"லென்ஸையும் சேத்துக் குடுத்தாதான் கடைக்காரன் எக்ஸ்சேஞ்சுக்கு எடுப்பான்."

"கேமராங்கிறது சட்டை மாதிரி மக்கா, கிழிஞ்சா வேற போட்டுக்கிடலாம். லென்ஸு கண்ணுல்லா. கண்ணைக் கொண்டுபோயி எவனாவது எக்ஸ்சேஞ்சுல போடுவானா?"

"கண்ணாஸ்பத்திரியில கண்ணுக்குள்ள இருக்க லென்ஸைத்தான் மாத்துறான். உடம்பை அப்படியே விட்டுருதான். நீங்க அதுக்கும் வரமாட்டேங்கிறீங்க."

"ஏட்டி, வாயைக் குறைச்சுக்கோ" என்றார் ஆவுடையப்பன். அவரிடம் பதில் தீர்ந்துவிட்டால் எப்போதும் இதைத்தான் சொல்வார்.

அவருடைய மூன்று லென்ஸும் பிலிம் காலத்தில் வாங்கினவை. பிலிம் போய் டிஜிட்டல் வந்தபோதும் அவர் கேமராவை மட்டும்தான் மாற்றினார், லென்ஸ்களைத் துடைத்து அதிலேயே மாட்டிக்கொண்டார். ஆனால் அந்த டிஜிட்டல் கேமராவுக்குள் இருந்த சென்சார் சின்னது. லென்ஸ் பாட்டுக்கு முழுத் தோசை சுட்டுப் போடும். கேமராவோ நடுவில் ஒரு வில்லையை மட்டும் பிய்த்துத் தின்றுவிட்டு, சுற்றி இருக்கிற முறுகல் ஓரத்தை எல்லாம் ஒதுக்கித் தள்ளிவிடும். பதினஞ்சு வருஷமாக அப்படித்தான் தின்றது. இப்போது இசக்கி எக்ஸ்சேஞ்ச் இல்லாமலே வாங்கிய கேமராவின் சென்சார் பெரியது, தோசையை ஓரத்தோடு தின்கிறது, நடுவில் ஒரு அடாப்டர் வளையம் போட்டால் பழைய லென்ஸ் கச்சிதமாக உட்கார்ந்துகொள்கிறது. ஒதுக்கின ஓரம் எல்லாம் இத்தனை வருஷமாக எங்கே போனது என்று யாரும் கேட்டதில்லை. எங்கேயும் போகவில்லை. லென்ஸுக்குள்ளேயே இருந்தது. இதற்குமேல் விளக்கம் எவரிடமும் கிடையாது, விளக்கம் கேட்கிற ஊரும் அது கிடையாது.

முதல் படம் வெத்திலைக்கடைக்காரர் வீட்டுக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் மொட்டைத்தலைப் பிள்ளை அழுதுகொண்டிருக்க, சுற்றிலும் சொந்தக்காரர்கள் பல்லைக் காட்டிக்கொண்டிருக்க, வலது ஓரத்தில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு சாம்பார் வாளியோடு ஒரு ஆள் நின்றார். இசக்கி எடுக்கும்போது அங்கே யாருமில்லை. எடுத்த பிறகு திரையில் பார்த்தால் நிற்கிறார். அது பரிமாறுகிற பால்ச்சாமி. அவர் செத்து ஆறு வருஷமாகிவிட்டது.

வெத்திலைக்கடைக்காரர் சண்டைக்கு வந்தார். செத்தவன் எப்படி வந்தான் என்பதற்காக வரவில்லை.

"வாளியோட நிக்கான் பாரு. வாளியைக் கீழ வச்சிட்டு நின்னா என்ன? எங்க வீட்டு விசேஷத்துக்கு சாப்பாடு பத்தலைங்கிற மாதிரில்லா இருக்கு!"

"அவரு உங்க தங்கச்சி கல்யாணத்துல நின்ன மாதிரியே நிக்காரு" என்றாள் இசக்கி. "அன்னைக்கு அவரைத் தள்ளி நிக்கச் சொன்னது நீங்கதானாம்."

"அவனை வெட்டு."

இசக்கி கம்ப்யூட்டரில் அந்த ஓரத்தை வெட்டினாள். மறுநாள் காலையில் பிரிண்ட் போட எடுத்தால், வெட்டின ஓரத்துக்கு உள்ளே ஒரு அடி தள்ளிப் பால்ச்சாமி நிற்கிறார், வாளியும் அவரோடே நகர்ந்து வந்திருக்கிறது. மறுபடி வெட்டினாள். மறுபடி உள்ளே வந்தார். வெட்ட வெட்ட வந்துகொண்டே இருந்தார், கடைசியில் படத்தில் மிஞ்சினது பிள்ளையின் மொட்டைத்தலையும் தாய்மாமன் மூக்கும் மட்டும்தான், அந்த மூக்குக்கும் மொட்டைக்கும் நடுவில் பால்ச்சாமி கரண்டியை நீட்டிக்கொண்டு "சாம்பார் போடவா" என்கிற மாதிரி நின்றார். வெத்திலைக்கடைக்காரர் முதலில் எடுத்த முழுப் படத்தையே வாங்கிக்கொண்டு போனார்.

அதற்கப்புறம் வரிசையாக வந்தார்கள். கொட்டுக்காரர்கள் வந்தார்கள், எச்சில் இலை எடுக்கிற பொம்பளைகள் கூடையோடு வந்தார்கள், சாதி விட்டுக் கல்யாணம் பண்ணிக்கொண்டு போய், தம்பி கல்யாணத்தை ரோட்டில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போன அக்காமார்கள் வந்தார்கள், வாய் பேசாத பிள்ளை என்று விசேஷ வீட்டுப் பின்கட்டில் உட்கார வைக்கப்பட்ட ஒரு பையன் ஜன்னல் கம்பியையும் கையோடு பிடித்துக்கொண்டு வந்தான், எல்லாரையும்விட அதிகமாக வந்தது தாலி அறுத்த பொம்பளைகள்தான். நல்ல காரியத்தில் அவர்கள் எதிரில் வரக் கூடாது, போட்டோவில் விழக் கூடாது என்பது செவக்காட்டூர் வழக்கம். அதிலே ஊருக்கு ஒரு இரக்கமும் உண்டு. அவர்களை விரட்டமாட்டார்கள், "அந்தத் தூண்கிட்ட நின்னு பாத்துக்கோ தாயி" என்று அன்பாகச் சொல்வார்கள். அந்த அன்பு எல்லாம் இப்போது சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் வரிசையாக நின்றது.

வந்தவர்கள் எல்லாரும் செத்தவர்கள் இல்லை. இசக்கியின் அத்தை ராமலட்சுமி, இப்போதும் முக்குத் தெருவில் இட்லி விற்கிறவள், தையல்காரர் வீட்டுச் சடங்குப் படத்தில் பத்து வயசு குறைந்து நின்றாள். அவளைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினார்கள். வெகு நேரம் பார்த்தாள்.

"எனக்கு அப்பம் பல்லெல்லாம் இருந்திருக்கேட்டி!" என்றாள். "இது உங்க சித்தப்பன் கல்யாணம். தூணுக்குப் பின்னாடி நிக்கச் சொன்னாவ. எனக்குத் தாலி கட்டுறது தெரியலை, கால்வலிதான் தெரிஞ்சுது."

இரண்டே மாசத்தில் ஊருக்கு இது பழகிவிட்டது. மழை ஒழுகுகிற வீட்டில் பாத்திரம் வைத்துவிட்டுப் படுக்கிற மாதிரி, ஆளுக்கொரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். முதலில் படத்தின் இரண்டு பக்கமும் தடித்த மாமன்மார்களை நெருக்கி நிற்க வைத்து அடைத்துப் பார்த்தார்கள்; ஓரத்து ஆட்கள் மாமன்மார்களுக்கு முன்னால் வந்து நின்றார்கள். பிறகு மண்டபத்தில் நாலு இலை கூடுதலாகப் போட்டு, சாப்பிட்டால் போய்விடுவார்கள் என்று பார்த்தார்கள்; அதற்கடுத்த படத்தில் அவர்கள் வாயைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அப்புறம் வந்தது பாருங்கள், ஊருக்கே உரிய புத்தி: அவர்களை எல்லாம் நாங்கள்தான் கூப்பிட்டோம் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். "எங்க வீட்டுப் படத்துல பதினாலு பேரு வந்திருக்காவ, உங்க வீட்டுல எத்தனை?" என்று கேட்டார்கள். ஓரத்து ஆட்கள் அதிகம் வந்த வீடு ராசியான வீடு என்று ஜோசியக்காரர் சொன்னார். தூணுக்குப் பின்னாடி இப்போது உயிரோடு நிற்கிறவர்களை முன்னால் கூப்பிடலாமா என்று மட்டும் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ராமலட்சுமி அத்தை அதே மாசம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது அதே தூண்கிட்டேதான் நிற்கச் சொன்னார்கள். போட்டோவில் வந்தால் ராசி, நேரில் வந்தால் தோஷம். இசக்கி இதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பில் கையில் இருந்த டீ சிந்திவிட்டது.

ஆனால் அவள் ஒவ்வொரு விசேஷத்துக்கும் ஓடி ஓடிப் போனது ஊரைப் பார்த்துச் சிரிக்க இல்லை. ஒவ்வொரு படத்தின் ஓரத்தையும் பெரிசாக்கிப் பெரிசாக்கி அவள் தேடிக்கொண்டிருந்தது ஒரு ஆளை.

ஸ்டூடியோவுக்குக் கனி என்று பேர் வந்ததே அவள் அம்மா மாரிக்கனியால்தான். மாரிக்கனி தன் புருஷனுக்கு லைட் பிடித்தவள். பெரிய ஹாலஜன் லைட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வயரைத் தோளில் சுற்றிக்கொண்டு, ஆவுடையப்பன் போகிற பக்கமெல்லாம் படத்துக்கு இரண்டடி வெளியே நின்றாள். படத்துக்கு உள்ளே வந்தால் லைட்காரிக்கு வேலை தெரியவில்லை என்று அர்த்தம். மாரிக்கனிக்கு வேலை நன்றாகத் தெரியும். அதனால் ஊரில் அத்தனை பேர் முகத்திலும் அவள் பிடித்த வெளிச்சம் விழுந்திருக்கிறது, அவள் ஒரு படத்திலும் விழவில்லை. நாலு நாள் காய்ச்சலில் அவள் செத்தபோது இசக்கிக்கு எட்டு வயசு. மாலை போட ஒரு போட்டோ தேடினார்கள். ஒரு ஊரையே படம் எடுத்து வைத்திருக்கிற வீட்டில் அவள் படம் ஒன்று இல்லை. கடைசியில் வாக்காளர் அடையாள அட்டையில் இருந்த தபால்தலை அளவுப் படத்தைப் பெரிசாக்கி மாட்டினார்கள். அதில் தாடைமேல் பாதி முத்திரை விழுந்திருக்கிறது, கண் இரண்டும் மை ஒழுகினமாதிரி இருக்கிறது. அதைப் பார்த்தால் அம்மாவும் தெரியாது, யாரும் தெரியாது, எந்தக் கட்சிக்கோ ஓட்டுப் போட வரிசையில் நிற்கிற யாரோ ஒரு பொம்பளை மாதிரி இருக்கும். அம்மா முகம் இசக்கிக்கு மறந்து வெகுநாளாகிவிட்டது. மறந்ததை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

ஊரில் தள்ளி நின்றவன் எல்லாம் வரும்போது அவள் மட்டும் ஏன் வரவில்லை?

ஒரு மத்தியானம் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து அப்பாவிடமே கேட்டாள்.

"எப்பா, அம்மா ஏன் ஒரு படத்துலயும் வரமாட்டேங்கா?"

ஆவுடையப்பன் மோர் ஊற்றிப் பிசைந்துகொண்டே இருந்தார். அவரும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார் என்பது அவர் பதில் சொன்ன வேகத்தில் தெரிந்தது.

"மத்தவனெல்லாம் சும்மா நின்னவன், அதனால சும்மா வந்து நிக்கான். உங்கம்மை சும்மா நின்னு நான் பாத்ததில்லை. வேலை இருந்தாத்தான் வருவா. உன் புதுக் கேமராதான் கும்மிருட்டுலயும் பகல் மாதிரி எடுக்குதே. அதுல லைட்காரிக்கு என்ன வேலை?"

இருட்டிலும் எடுக்கும் என்றுதான் அவள் இந்தக் கேமராவை விழுந்து விழுந்து தேர்ந்தெடுத்தாள்.

இந்த நேரத்தில்தான் குணசீலன் அண்ணாச்சி ஸ்டூடியோவுக்கு வந்தார். தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி, ஊர்க் கல்யாண மஹால் கமிட்டித் தலைவர்; அவர் உட்கார நாற்காலி போட்டால் முதலில் நாற்காலியைத் துடைக்கச் சொல்லிவிட்டு நின்றுகொண்டே பேசுவார். அவருக்குக் கோபம் தையல்காரர் வீட்டுச் சடங்குப் படத்தால். அதில் ராமலட்சுமி அத்தைக்குப் பக்கத்தில் குணசீலனின் செத்துப்போன அம்மா பொன்னுத்தாய் நின்றாள். பதினாலு வருஷத்துக்கு முன்னால் குணசீலன் வீடு கட்டிப் பால் காய்ச்சிய அன்று, அடுப்பில் பால் பொங்குகிற நேரத்தில் தாலி அறுத்தவள் கண்ணில் படக் கூடாது என்று அவளைக் காம்பவுண்டுக்கு வெளியே நிற்க வைத்தார்கள். செங்கல் தூக்கிக் கொடுத்து அந்த வீட்டைக் கட்டவைத்தவளே அவள்தான். அந்தச் செங்கல் தூசி முந்தானையில் இருக்கிறபடியே தையல்காரர் வீட்டில் நின்றாள். தையல்காரர் மனைவி அதைச் சட்டம் போட்டு மாட்டி, வருகிறவர்களுக்கெல்லாம் காபி கொடுத்துக் காட்டினாள்.

"எங்கம்மா எதுக்கு தையல்காரன் வீட்டுல நிக்கணும்?" என்றார் குணசீலன்.

"உங்க வீட்டுல நிக்க விடலைல்லா, அண்ணாச்சி" என்றாள் இசக்கி.

"ஏட்டி!" என்றார் ஆவுடையப்பன்.

குணசீலன் அவள் பக்கம் திரும்பவே இல்லை. ஆவுடையப்பனிடம் பேசினார்.

"வர்ற வெள்ளி எம்மவளுக்கு முகூர்த்தம். பெரிய பெரிய ஆட்கள் வாராங்க. ஓரத்துல எவளும் நிக்கக் கூடாது. பழைய கேமராவுல எடு. அது நல்ல கேமரா, எதை எடுக்கணுமோ அதை மட்டும் எடுத்துச்சு. புதுசை அன்னைக்கே வித்துடு. சாத்தூர்ல என் மச்சான் மவன் கேக்கான், சாயந்தரம் வந்து எடுத்துக்கிடுவான். இல்லன்னா இனிமே மஹாலுக்குள்ள கனி ஸ்டூடியோ கால் வைக்கக் கூடாது. கமிட்டியில தீர்மானம் போட்டாச்சு."

தீர்மானம் என்றால் அவர் போட்டது என்று அர்த்தம். ஊரில் மஹால் அது ஒன்றுதான். ஆவுடையப்பன் தலையை ஆட்டினார். கண் தெரியாத மனுஷன் ஆட்டுகிற தலை எந்தப் பக்கம் ஆடுகிறது என்று அவருக்கே தெரியாது என்று இசக்கி நினைத்தாள், ஆனால் அது சரி என்றுதான் ஆடியது. அப்படியானால் அவளுக்கு மிச்சம் இருப்பது அந்த ஒரு வெள்ளிக்கிழமைதான். அதற்குள் அம்மா வராவிட்டால் வாக்காளர் அட்டைதான் அம்மா, சாகிறவரை அந்த முத்திரை விழுந்த தாடைதான்.

வெள்ளிக்கிழமை காலை ஏழரை முகூர்த்தம். மஹாலில் ஏசி போட்டு ஜன்னலை எல்லாம் அடைத்து, கண்ணாடிக்குக் கறுப்புத் தாள் ஒட்டி, மேடைக்கு மட்டும் சிவப்பும் ஊதாவுமாக ஒரு கண்றாவி விளக்குப் போட்டிருந்தார்கள். இசக்கி கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மேடை ஏறினாள். முன்னால் இருந்து பார்த்தால் தெரிவது லென்ஸ்தான். விளிம்பில் பெயிண்ட் போய், பேரெழுத்து பாதி அழிந்து, ஆவுடையப்பன் சுற்றின கறுப்பு டேப்போடு இருந்தது.

குணசீலன் பட்டு வேட்டியோடு கிட்டே வந்து எட்டிப் பார்த்தார். "பழசுதானே?"

"லென்ஸைப் பாருங்க அண்ணாச்சி. எங்கப்பா பிலிம் காலத்துல வாங்குனது."

அவர் திருப்தியாகப் போனார். லென்ஸையும் கேமராவையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர்கள்தான் அதற்குத் தீர்மானம் போட்டார்கள்.

ஐயர் மந்திரத்தை வேகமாக்கினார். நாதஸ்வரம் எழுந்தது. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தான். மேடைக்குக் கீழே பெரிய பெரிய ஆட்கள் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். இருட்டிலும் பார்க்கிற சக்தியைக் கூட்டிக் குறைக்க அந்தக் கேமராவில் ஒரு சக்கரம் இருக்கிறது. ஊரில் அத்தனை விசேஷத்திலும் அதைக் கூட்டி வைத்தே எடுத்தவள், இப்போது அதைத் திருகித் திருகிக் குறைத்தாள், குறைக்க முடிகிற கடைசி எண் வரைக்கும் குறைத்தாள். புதுக் கேமரா பழைய கேமராவைவிடக் குருடானது. பிறகு எடுத்தாள்.

திரையில் கறுப்பு. தாலியும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை, ஊதா விளக்கு மட்டும் பல்லி முட்டை மாதிரி ஒரு மூலையில் இருந்தது. ஊரிலேயே பெரிய கல்யாணத்தின் முதல் முடிச்சு அந்தக் கறுப்புக்குள் போய்விட்டது. இனி அதை யாரும் கொண்டுவர முடியாது. மாப்பிள்ளை இரண்டாவது முடிச்சுக்குக் குனிந்தான். அவள் மறுபடி எடுத்தாள்.

திரை முழுக்க வெள்ளை. சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை, ஒன்றும் தெரியாத வெள்ளை. இடது பக்கத்தில் இருந்து யாரோ முகத்துக்கு நேராக வெளிச்சத்தைப் பிடித்திருக்கிறார்கள். இசக்கி தலையைத் தூக்கி இடது பக்கம் பார்த்தாள். அங்கே வாழைமரம் ஒன்று கட்டியிருந்தது, யாருமில்லை, ஆனால் ஹாலஜன் லைட் சுட்டுப் பழுத்தால் வருகிற அந்தத் தூசி கருகின வாடை அடித்தது. அந்த வாடை அவளுக்கு மறக்கவில்லை. முகம்தான் மறந்திருந்தது.

"எம்மா" என்றாள், மேளச்சத்தத்துக்கு மேலே கத்தி. "லைட்டை இறக்கும்மா! முகத்துல அடிக்காத! கொஞ்சம் இறக்கு!"

கீழே இருந்த பெரிய ஆட்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். ராமலட்சுமி அத்தை தூணுக்குப் பின்னாடி இருந்து தலையை நீட்டினாள். மாப்பிள்ளை மூன்றாவது முடிச்சைப் போட்டான். இசக்கி போகஸைக் கையால் திருகி, நடு மேடையை விட்டுவிட்டு இடது ஓரத்துக்குக் கொண்டுபோய், மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தாள்.

அந்தப் படத்தில் மஹால் முழுக்க வெளிச்சம் இருந்தது. அவ்வளவு வெளிச்சத்தை அந்தக் கட்டடம் கட்டின நாளில் இருந்து பார்த்திருக்காது. பால்ச்சாமி வாளியோடு நின்றார், கொட்டுக்காரர்கள் நின்றார்கள், ஜன்னல் கம்பியைப் பிடித்த பையன் நின்றான், பொன்னுத்தாய் முந்தானைச் செங்கல் தூசியோடு பேத்தியின் பின்னால் நேராக நின்றாள், உயிரோடு இருக்கிற ராமலட்சுமி அத்தை தூணுக்கு இந்தப் பக்கம் வந்து நின்றாள். இடது ஓரத்தில் ஒரு கையால் லைட்டைத் தூக்கிப் பிடித்து, மறு கையால் அந்த முழங்கைக்கு முட்டுக்கொடுத்து, சேலையை இழுத்துச் செருகி, தோளில் வயரோடு மாரிக்கனி நின்றாள். முப்பது வயசுகூட இருக்காது. மற்ற எல்லாரையும் போல அவள் பாவமாகப் பார்க்கவில்லை, ஆசீர்வாதமும் பண்ணவில்லை. நெற்றி வியர்த்து, உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, எடுக்கிற ஆளைப் பார்த்து எரிச்சலாக நின்றாள். கை வலிக்கு, சீக்கிரம் எடுத்துத் தொலை என்கிற எரிச்சல். கண்ணாடியில் இசக்கி தினமும் பார்க்கிற அதே எரிச்சல்.

அடுத்து நடந்ததை ஊர் அவரவர் வசதிக்குச் சொல்கிறது. குணசீலன் திரையைப் பார்த்துவிட்டு, பெரிய ஆட்கள் முன்னால் சத்தம் போட முடியாமல் முகம் கறுத்தது உண்மை. தாலி கட்டுகிற படம் வேண்டும் என்பதற்காக மாப்பிள்ளையை மறுபடி ஒருமுறை கட்டுகிற மாதிரி நிற்கச் சொல்லி, எவனோ ஒரு போனில் எடுத்தார்கள் என்பதும் உண்மை. கனி ஸ்டூடியோவுக்கு மஹால் கதவு அன்றோடு அடைபட்டது. சாத்தூர்க்காரன் சாயந்தரம் வந்தபோது இசக்கி அவனுக்குப் பழைய கேமராவை ரப்பர் பேண்டோடு எடுத்துக் கொடுத்தாள். அண்ணாச்சி புகழ்ந்த கேமரா இதுதான் என்றாள், அவன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போனான். இப்போது அவள் பக்கத்து ஊர்களில் எடுக்கிறாள். அங்கேயும் தூண்கள் இருக்கின்றன.

கல்யாணத்துக்கு மறுநாள் அவள் அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்தாள். இந்தத் தடவை அவளே வெட்டினாள். மாரிக்கனி நடுவில் வருகிற மாதிரி அளவு பார்த்து, மணமேடையை வெட்டினாள், மாப்பிள்ளையை வெட்டினாள், பெரிய பெரிய ஆட்களை வரிசையோடு வெட்டினாள், பட்டு வேட்டியில் கையைக் கட்டிக்கொண்டு நடுநாயகமாக நின்ற குணசீலன் அண்ணாச்சியை வெட்டினாள். பிரிண்ட் போட்டு, வாக்காளர் அட்டையைக் கழற்றிவிட்டு, அந்த ஆணியில் மாட்டினாள். ஆவுடையப்பன் எழுந்து வந்து கண்ணாடியில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் கிட்டே போய் நின்றார்.

"தெரியுதாப்பா?"

"தெரியலை" என்றார். பிறகு, "திட்டுதா போல இருக்கு" என்றார். அடுத்த வாரமே கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொன்னார்.

படம் மாட்டின மறுநாள் காலையில் எழுந்து பார்த்தபோது அதன் வலது ஓரத்தில் குணசீலன் அண்ணாச்சி நின்றார். பட்டு வேட்டி கசங்கி, உள்ளே வரலாமா என்று கேட்கிற மாதிரி, பாதி உடம்பு சட்டத்துக்கு வெளியே கிடக்க ஒட்டிக்கொண்டு நின்றார். மாரிக்கனி லைட்டை அவர் பக்கம் திருப்பவில்லை.